மாடி வீட்டை வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் முழங்கால் வலி முதலான தொல்லைகள் ஏதுமின்றிச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், தங்கள் மகள், நம் பேத்தி மூவரும் சௌக்கியம். தங்கள் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பதாகத் தொலைபேசியில் கேள்வி. 'இங்கே' என்று எழுதிவிட்டேனே தவிர, அது எங்கே என்று நீங்கள் கேட்டால் நான் உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். போன கடிதத்தை ஒரு கையால் விசிறிக்கொண்டே எழுதினேன். இதைக் கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் குளிர்தான் காரணம், வயதல்ல.

இந்தக் கடிதத்தை நான் என் விருப்பத்தில் எழுதவில்லை. தங்கள் மகள் ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் காகிதத்தையும் பேனாவையும் வைத்து, எதிரில் இன்னொரு பெட்டியில் என்னை உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக்குள் போயிருக்கிறாள். விஷயம் இதுதான். உங்கள் வீட்டு மாடி காலியாக இருக்கிறதல்லவா, அங்கே வந்து தங்கி, பேத்தியை அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்து, இந்த மூட்டை கட்டுகிற வாழ்க்கைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம் என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். "அதை நீயே அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடேம்மா" என்றேன். "நான் சொன்னா நல்லாவா இருக்கும் மாமா? மாமனாரோட சண்டை போட்டுக்கிட்டுப் பொட்டியைத் தூக்கிட்டு வந்துட்டான்னு தெருவே பேசும். நீங்க முறைப்படி கேட்டு எழுதினாத்தான் எல்லாருக்கும் கௌரவம்" என்றாள். ஆக, என் வீட்டைக் காலி செய்வதற்கு நானே என் கையால் விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது. போட்டுவிட்டேன். மேலே இருப்பதுதான் விண்ணப்பம். ஆனால் முப்பது வருஷம் ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த மூட்டையையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். எனவே நீங்கள் முடிவெடுக்கும் முன் நடந்ததையெல்லாம் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இந்த மாற்றல் உத்தரவு வருகிற விதம். ராணுவத்தில் எல்லாமே ரகசியம் என்பார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் அப்படி ஒன்றும் இல்லை, உங்கள் மகள் ஜன்னல் திரைக்குத் துணி எடுத்தால் ஆர்டர் வந்துவிடும். நான் இட்டுக்கட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். முதல் ஊரில் பூப்போட்ட துணி எடுத்துத் தைத்து மாட்டினாள், மாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் உங்கள் மாப்பிள்ளை வாசலில் நின்று தொண்டையைச் செருமினான். அடுத்த ஊரில் பச்சைத் துணி, அங்கேயும் அதே செருமல். (குறை சொல்லும் இடங்களில் அவனை உங்கள் மாப்பிள்ளை என்றும், மற்ற இடங்களில் என் மகன் என்றும் எழுதுகிறேன்.) ஒவ்வொரு ஊர் ஜன்னலும் ஒவ்வோர் அளவு என்பதால் பழைய திரை எதற்கும் உதவாது, புதிதாகத்தான் தைக்க வேண்டும், தைத்தால் கிளம்ப வேண்டும். இந்தத் தடவை அவள் கடையில் துணியைத் தொட்டுப் பார்த்ததைப் பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, அன்று மாலையே நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்து, "அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறோம், பசங்களுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் அந்தத் துணியை மட்டும் எடுத்துடாதீங்க" என்று கெஞ்சினாள். அவளும் எடுக்கவில்லை. அதே நிறத்தில் இரண்டு தலையணை உறை மட்டும் வாங்கினாள். தலையணை உறையும் கணக்கில் சேரும் என்று யாருக்குத் தெரியும்? மறுநாளே ஆர்டர்.

ஆர்டர் வந்ததும் அடுத்து நடப்பது எப்போதும் ஒன்றுதான், உங்கள் மாப்பிள்ளை காணாமல் போவான். முன்னால் போகிற குழு என்று ஒன்று, பின்னால் வருகிற குழு என்று ஒன்று, இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் அவன் பெயர் இருக்கும். பீரோ தூக்குகிற குழுவில் மட்டும் இதுவரை வந்ததில்லை. அவன் பாலம் போடுகிற பிரிவில் இருக்கிறான், ஆற்றுக்குக் குறுக்கே ஒரே ராத்திரியில் லாரி போகிற மாதிரி பாலம் போட்டுவிடுவானாம், இங்கே பரணில் ஏற ஏணி பிடிக்க ஆளில்லை. மகளின் தலையைத் தடவிவிட்டு, என்னிடம், "அப்பா, எல்லாத்தையும் பாத்துக்குங்க" என்றான். எல்லாத்தையும் என்றால் என்னென்ன என்று கேட்பதற்குள் ஜீப் தெருமுனை திரும்பிவிட்டது. உங்கள் மகள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, "ஆரம்பிக்கலாமா மாமா?" என்றாள். அந்தப் படைக்கு உண்மையான தளபதி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும்போது சுவரில் ஓர் ஆணி ஓட்டை கூட இருக்கக் கூடாது என்பது விதி. நாங்கள் இருந்த காலத்தில் படம், காலண்டர், கடிகாரம், கொசுவலை என்று அடித்த ஆணிகளுக்குக் குறைவில்லை. எல்லா ஓட்டைகளிலும் வெள்ளைப் பற்பசையைப் பிதுக்கி விரலால் வழித்துச் சமன் செய்வது இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். நானும் பேத்தியும் அதைத்தான் செய்தோம். பார்வையிட வந்த அதிகாரி கூடத்தின் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சி, "சுவத்துல ஏன் சார் புதினா வாசனை வருது?" என்று கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். "எங்க வீட்டுல எல்லாரும் ரொம்ப நல்லாப் பல் தேய்ப்போம் அங்கிள்" என்றாள் பேத்தி. அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்தச் சாமர்த்தியம் அவளுக்கு எங்கள் பக்கத்திலிருந்து வந்தது.

இனி நான் செய்த ஏற்பாட்டுக்கு வருகிறேன். கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றித் தேசத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கொண்டுவந்தால் வந்து சேர்வது பாதி விறகு, மீதி கண்ணாடித் தூள். இதற்காக ராணுவக் குடும்பங்களிடையே ஒரு பழக்கம் இருக்கிறது. நாம் போகிற ஊரிலிருந்து நம் ஊருக்கே மாற்றலாகி வருகிற குடும்பத்தைப் பிடித்து, "எங்க சாமானை இங்கயே விட்டுட்டு வர்றோம், உங்க சாமானை அங்கயே விட்டுட்டு வாங்க" என்று பேசி முடித்துக்கொள்வார்கள். இந்தத் தடவை அந்தப் பேச்சுவார்த்தையை நான் கையில் எடுத்துக்கொண்டேன். எதிர்த்தரப்பில் பேச வந்தவர் அந்த வீட்டுச் சிப்பாயின் தகப்பனார், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை டிரைவிங் மாஸ்டர் என்றே குறிப்பிடுகிறேன், அதற்கு மேல் மரியாதை அவருக்குத் தேவையில்லை.

உங்கள் மகளை நாங்கள் கேட்டு வந்தபோது நீங்களும் நானும் பேசியதைவிட அதிகமாக நானும் அவரும் போனில் பேசினோம். "ஃப்ரிட்ஜ் எப்படி சார்?" என்றார். "சத்தமே வராது, இருக்கற இடம் தெரியாது" என்றேன். "பீரோ?" "கொஞ்சம் உயரம், ஆனா நல்ல குணம்." "வாஷிங் மெஷின் எப்படி?" என்று நான் கேட்டேன். "ரொம்பச் சுறுசுறுப்பு" என்றார். இரு தரப்பிலும் போட்டோ பரிமாறிக்கொண்டோம். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவைக் காலால் உதைத்தால்தான் மூடும் என்பதை நான் சொல்லவில்லை. ஓடுகிறபோது அவர்கள் வாஷிங் மெஷின் இருந்த இடத்தை விட்டு வாசல்வரை நடந்து போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. நல்ல காரியத்தில் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. வாக்குக் கொடுத்து முடித்த அன்று உங்கள் மகள் ஒன்றே ஒன்று கேட்டாள். "மாமா, அவங்க ஆர்டர் கைக்கு வந்துடுச்சான்னு கேட்டீங்களா?" "மாஸ்டரே சொல்றாரு, வராமலா இருக்கும்?" என்றேன். பீரோவின் உயரத்தைக் கேட்டேன், அகலத்தைக் கேட்டேன், பூட்டுக்கு இரண்டு சாவி இருக்கிறதா என்று கூடக் கேட்டேன். இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் பொய்தான் சொல்லியிருப்பார் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

பெரிய சாமான்கள் ஒழிந்ததால் துணிமணி, பாத்திரம், புத்தகம் மட்டும் கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் ஏறின. கட்டுகிற வேலையை நான் ஏற்றேன். பார்சல் ஆபீசில் என் கட்டு பிரிந்துவிட்டது என்று ஒரு புகார் வந்தது கிடையாது. பிரிக்க முடியவில்லை என்று வந்திருக்கிறது, அது வேறு. போகிற இடம் குளிர் பிரதேசம் என்பதால் கம்பளி உடுப்புகள் பத்திரமாக வர வேண்டுமே என்று அவற்றை அடிப் பெட்டியில் வைத்து, மேலே கோணி சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டு இறுக்கினேன். அதனால் மூவரும் பருத்திச் சட்டையோடு இந்த ஊர் பிளாட்பாரத்தில் இறங்கினோம். பல் தானாகத் தந்தி அடித்தது. உங்கள் மகள் பல்லால் இழுத்துப் பார்த்தாள், சாவியால் நெம்பிப் பார்த்தாள், முடிச்சு அசையவில்லை. கடைசியில் அந்த ஸ்டேஷன் பார்சல் குமாஸ்தா ஒருவன் அரிவாள் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்துவிட்டு, தன் மொழியில் ஏதோ கேட்டான். எந்தப் புத்திசாலி கட்டியது என்று கேட்டிருப்பான். ஒரே இலாகாக்காரன் என்பதால் மன்னித்துவிட்டேன்.

ரயிலில் நடந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். எதிர் இருக்கையில் ஓர் அம்மாள், பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பேத்தியிடம், "உனக்கு எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டாள். பேத்தி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "இன்னும் சொல்லலை ஆன்ட்டி" என்றாள். "யாரும்மா சொல்லலை?" "ஆபீஸ்ல." பெட்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள் மகள் மட்டும் சிரிக்கவில்லை, தண்ணீர் பாட்டிலை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். 

குவார்ட்டர்ஸ் வாசலில் பெட்டிகளை இறக்கிக் கதவைத் தட்டினால், மூன்று ஸ்வெட்டரும் கழுத்தில் மஃப்ளருமாகக் கதவைத் திறந்தவர் சாட்சாத் டிரைவிங் மாஸ்டர். "வாங்க, வாங்க. மெதுவா, மெதுவா, படி இருக்கு" என்றார். "நீங்க இன்னும் கிளம்பலையா?" என்றேன். "நாளைக்கு ஆர்டர் வந்துடும் சார்" என்றார். உள்ளே அவர் மருமகள், கைப்பிள்ளை, கட்டில், பீரோ, சுறுசுறுப்பான வாஷிங் மெஷின் எல்லாம் அப்படியே இருந்தன. அவர் மகனும் உங்கள் மாப்பிள்ளையும் எங்கே என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஆளுக்கொரு குழுவில். வீடு ஒதுக்குகிற ஆபீசுக்குப் போனேன். எங்களுக்கு ஒதுக்கியதும் சரிதானாம், அவர்கள் காலி செய்யாததும் சரிதானாம். "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார்கள். ராணுவத்தில் கஷ்டமான கட்டளை இதுதான் என்று நினைக்கிறேன்.

அட்ஜஸ்ட் செய்தோம். இரண்டு மருமகள்களும் ஒரு மணி நேரத்தில் கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஆகி, ஒரே அடுப்பில் சமைத்து, ஒருத்தி குறையை ஒருத்தி கேட்டு, இடையிடையே எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கிழவர்கள் எங்களுக்குத்தான் ஒத்துவரவில்லை. மாஸ்டருக்கு ஒரு பழக்கம். யாராவது கொஞ்சம் வேகமாக வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். உங்கள் மகள் கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனால், "பிரேக், பிரேக்!" என்பார். நான் அவசரமாகக் கழிவறைக்குப் போனாலும் அதேதான். வீட்டில் உட்கார ஒரு நல்ல சாய்வு நாற்காலி, வெயில் விழுகிற இடமும் ஒன்றே ஒன்று. அந்த வெயில் காலையில் சமையலறை ஜன்னலுக்கடியில் ஆரம்பித்துச் சுவரோரமாக நகர்ந்து தண்ணீர்த் தொட்டிவரை போகும். "ஒப்பந்தப்படி இந்த நாற்காலி என்னோடது மாஸ்டர்" என்றேன். "நீங்க விட்டுட்டு வந்த நாற்காலியில நான் இன்னும் உக்காரவே இல்லையே சார்" என்றார்.  ஒருவர் உட்கார, ஒருவர் பக்கத்தில் நின்று முறைக்க, வெயில் நகர நகர நாற்காலியை ஆளுக்கொரு கை பிடித்து நகர்த்திக்கொண்டே பொழுது போயிற்று. துணி துவைக்கிற நாளில் வாஷிங் மெஷினும் உதறிக்கொண்டு வாசல்வரை வந்து எங்களோடு சேர்ந்துகொள்ளும். ஓரிடத்தில் நிற்கிற பொருள் என்று அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

இதற்கிடையே பழைய ஊரிலிருந்து ஒரு போன். நாங்கள் விட்டுவந்த குவார்ட்டர்ஸை யாரோ ஒரு புதுக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். "அங்கிள், கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் எங்களுக்காக வச்சிட்டுப் போயிருக்கீங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?" என்று அந்தப் பெண் தழுதழுத்தாள். "கல்யாணம் ஆகி இப்பத்தான் வந்திருக்கோம். தரையில படுக்கணுமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன். ஃப்ரிட்ஜ் கதவுதான் மூட மாட்டேங்குது." திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "காலால ஒரு உதை விடும்மா, மூடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உங்கள் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "பரவால்ல மாமா, சின்னப் பொண்ணு" என்றாள். அவளுக்கு வந்த சீர் அந்தக் கட்டில் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால்தான் இதை மூடாமல் எழுதுகிறேன்.

ஒரு வழியாக மாஸ்டர் குடும்பத்துக்கு ஆர்டர் வந்தது. எங்கள் பழைய ஊருக்கு அல்ல, முற்றிலும் வேறு திசையில். அங்கே அவர்களுக்கு வைத்துவிட்டுப் போக யாருமில்லை என்பதால் லாரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஏற்றினார்கள். "ஒப்பந்தம் செல்லாது சார்" என்றார் மாஸ்டர். சாய்வு நாற்காலியைக் கடைசியாக ஏற்றினார். பிறகு வந்து என் கையைப் பிடித்தார், பிடித்தவர் விடவில்லை. "போற ஊருல உங்களை மாதிரிச் சண்டை போட ஒரு ஆளு கிடைக்கணுமே சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். இருந்தாலும் நாற்காலியை அவர் இறக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அவர்கள் போன பிறகு வீடு வெறும் தரையும் சுவருமாகக் கிடக்கிறது. தும்மினால் அடுத்த அறையிலிருந்து இன்னொருவர் தும்முகிறார். பெட்டி மேல் சாப்பிடுகிறோம், பெட்டி மேல் படிக்கிறோம், பெட்டிகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் படுக்கிறோம்.

இதற்கெல்லாம் உங்கள் மகள் அசரவில்லை. அவளை அசைத்தது வேறு. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பேச்சில் அவள் முதலில் கற்றுக்கொள்வது 'நான் புதுசு' என்று சொல்ல. அடுத்தது 'உன் பேர் என்ன?' என்று கேட்க. இங்கே முதலாவதோடு நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவளிடம், "பக்கத்துல உக்கார்ற பொண்ணு பேரு என்னடா?" என்றேன். "தெரியாது தாத்தா." "கேக்கறதுதானே?" காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "கேட்டா ஞாபகம் இருக்கும். அப்புறம் போகும்போது கஷ்டமா இருக்கும்." சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது.  கொஞ்ச நேரம் கழித்து உங்கள் மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "மாமா, எங்கப்பாவுக்கு ஒரு கடிதாசி எழுதணும்" என்றாள்.

இனி என் யோசனை. இதை உங்கள் மகளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். மாடி என்றால் வெயில் காலத்தில் சூடு தாங்காது. பேத்தி அங்குமிங்கும் ஓடுகிற பெண், அவள் மேலே ஓடினால் கீழே உங்கள் தலையில் சுண்ணாம்பு உதிரும். குழாயைத் திறந்தால் மூட மாட்டாள். கண்ணாடியை ஒளித்து வைப்பாள். உங்களுக்கும் வயதாகிறது, மதியத் தூக்கம் போய்விட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? இங்கே என் மகன் தனியாக ராணுவச் சாப்பாடு சாப்பிட்டு இளைத்துப் போவான். ஆகவே, மாடி வீட்டை வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள். சத்தம் போடாத, பிள்ளை குட்டியில்லாத ஒரு நல்ல குமாஸ்தாவாகப் பார்த்து உடனே குடிவைத்துவிட்டு, 'மிகவும் வருந்துகிறேன், மாடி காலியாக இல்லை' என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நான் அதை உரிய சோகத்தோடு அவளுக்குப் படித்துக் காட்டிவிடுகிறேன்.

சம்பந்தி, இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருக்கிறது. பேத்தி கண்ணாடியை ஒளித்து வைக்கிறவள் இல்லை, நான் தொலைக்கிற கண்ணாடியைத் தேடித் தருகிறவள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இருவரும் கிளம்பிவிட்டால் இந்த வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், என் மகனுக்குப் பட்டாளத்துக் கொட்டகையில் ஒரு கட்டில் கிடைக்கும், அங்கே தகப்பன்மாரை வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் என் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். தம்பி நல்லவன்தான். ஆனால் அங்கே கூடத்து சோபாதான் எனக்குக் கட்டில், எல்லோரும் டி.வி. பார்த்து முடித்து எழுந்தால்தான் நான் படுக்கலாம். என் மனைவி போன பிறகு, 'மாமா எங்க?' என்று தேடுகிற வீடு இது ஒன்றுதான். எந்த ஊரில் போய் இறங்கினாலும் அடுப்பைத் தேடும் முன் எனக்கு ராத்திரியில் எழுந்து போக விளக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைக்கிறவள் உங்கள் மகள். இத்தனை ஊர் மாறியும் நான் ஊர் மாறினதாகவே நினைத்ததில்லை, அவர்கள் இருவரும் கூடவே இருந்தார்கள். இப்போதுதான் முதல் தடவையாக எனக்கு ஊரை விட்டுப் போகப் பயமாக இருக்கிறது. இது என் சுயநலம். அந்தக் குழந்தை பக்கத்துப் பெண்ணின் பேரைக் கேட்காமல் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் என் சுயநலத்துக்கு நியாயம் இல்லை என்றும் தெரிகிறது. எதைச் செய்யச் சொல்வது என்று எனக்கே புரியவில்லை. உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் இல்லத்தில் நலமும் நிம்மதியும் நிலைத்து நிற்கட்டும். நிலைத்து நிற்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை நாடோடியாகிவிட்ட நான் சொன்னால் நம்பலாம்.

இப்படிக்கு,
தங்கள் பேரன்புக்குரிய சம்பந்தி

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் வைக்கும் நேரத்தில், "மாமா, பால் பொங்குது பாருங்க" என்று உங்கள் மகள் குரல் கொடுத்தாள். பார்க்கப் போனேன். பார்சல் ஆபீசில் இருந்தவன் உறையை ஒட்டாமல் எழுந்து போயிருக்கக் கூடாது. திரும்பி வந்தால் கடிதம் அவள் கையில். நின்றபடியே முழுக்கப் படித்தாள். நடுநடுவே சிரித்தாள். கடைசிப் பக்கத்தில் சிரிக்கவில்லை. "மாமா, எனக்கும் பாப்பாவுக்கும் மட்டும்னா கீழ எங்கம்மா ரூமே போதுமே. அப்புறம் மாடி எதுக்குக் கேக்கறேன்?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "எதுக்கு?" என்றேன். "சம்பந்தி வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கோமேன்னு நீங்க ஒரு நாள்கூட நினைக்கக் கூடாதுல்ல? தனி வாசல், தனி அடுப்பு, வாசல்ல உங்க பேரு. அது உங்க வீடு மாமா. நாங்கதான் உங்களோட வர்றோம்." "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" "சொன்னா, அதெல்லாம் முறையில்லைன்னு எழுதவே மாட்டீங்க." வேறு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இதையே போடுங்கள், அப்பா படிக்கட்டும் என்கிறாள். என் மகனிடம் போனில் சொன்னாளாம்.  "அப்ப லீவுல எந்த ஊருன்னு யாரையும் கேக்காம நான் நேரா வீட்டுக்கு வந்துடலாம்ல?" என்றானாம்.

ஆகவே மேலே மாடி வீட்டைப் பற்றியும் பேத்தியைப் பற்றியும் எழுதிய அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன். குமாஸ்தா யாரையாவது குடிவைத்திருந்தால் தயவுசெய்து கிளப்பிவிடுங்கள். இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மருமகளின் பிறந்த வீட்டுக்கு நானாகக் கிளம்பி வருவது அழகல்ல, தாங்கள்தான் கைப்பட எழுதி என்னை அழைக்க வேண்டும். நான் மரியாதைக்கு ஒருமுறை, 'உங்களுக்கு எதற்கு வீண் சிரமம்' என்று மறுத்து எழுதுவேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தாங்கள் மறுபடியும் வற்புறுத்தி எழுத வேண்டும். இந்தக் குளிரில் தபால் மெதுவாகத்தான் நகர்கிறது. அதனால் அழைப்பு, வற்புறுத்தல் இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பிவிடுங்கள். நடுவில் நான் மறுத்ததாக வைத்துக்கொள்ளலாம்.